பெரியதம்பி வெட்டாத குழி

பெரியதம்பிக்கு மன்னிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டி நீதிமன்றத்தில் பதினெட்டு வருடமாகக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறவள் நான். மன்னிக்கத் தெரிந்தவர்களுடைய வழக்குகள் எப்படி முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சமரசம் என்று ஒரு கடதாசியை நீட்டுவார்கள், தோளைத் தட்டுவார்கள், வாசலில் நிறுத்தி ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார்கள். அடுத்த மாதம் அதே ஆள் அதே வேலையைச் செய்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸில் நமக்கு இடம் கொடுப்பான்.

பெரியதம்பி கண்டி நகரத்து மஹய்யாவயில் பிறந்தவர். தகப்பன் நகரத்துத் தெருக்களைக் கூட்டினார். மகன் நகரத்து மயானத்தில் குழி வெட்டினார். முப்பத்திரண்டு வருடம். சிங்களவர், தமிழர், பறங்கியர், வேதக்காரர், பெயர் தெரியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாருக்கும் வெட்டியிருக்கிறார். எங்கள் முஸ்லிம் ஆட்களுக்குத் தனியாக மையவாடி இருப்பதால் எங்களுக்கு மட்டும் அவர் வெட்டியதில்லை. "ஒங்க சனத்துக்கு ஒரு குழிகூட நான் வெட்டல மிஸ், அது ஒண்ணுதான் பாக்கி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அவருடைய வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழைய மயானத்தில் எங்கே ஆள் இருக்கிறது, எங்கே இல்லை என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாதிப் பேருக்குக் கல்லே இல்லை. ஆகவே மண்வெட்டியைத் தொடும் முன் அலவாங்கை, அந்த நீளக் கடப்பாரையை எடுப்பார். நிமிர்ந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே குத்து. கம்பி எவ்வளவு இறங்குகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, இழுக்கும்போது நுனியில் என்ன நிறத்தில் மண் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை வெட்டிய மண் பிறகு எத்தனை வருடம் கிடந்தாலும் பழையபடி இறுகாது என்பது அவர் சொன்ன பாடம். மேல் மண்ணும் கீழ் மண்ணும் ஒருதடவை கலந்துவிட்டால் கலந்ததுதான். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் இன்னொருவருடைய தலையில் மண்வெட்டியைப் போட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் இல்லை.

அவர் மனைவி புஷ்பம், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். வழக்கு முடிந்தாலும் அங்கே இருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கல்யாணம் முடித்து நகரத்துக்கு வந்து முப்பது வருடம் மஹய்யாவயில் குடித்தனம் செய்தும் புஷ்பத்துக்கு நகரம் ஒட்டவில்லை. நோயில் படுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன்னைத் தோட்டத்து இடுகாட்டில், தாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த இடுகாட்டில் கல் வைக்கிற வழக்கம் இல்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவார்கள், அவ்வளவுதான். யாருடைய செடி எது என்று லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனத்துக்குத் தெரியும். எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2011 இல் புஷ்பத்துக்கான குழியைப் பெரியதம்பியே வெட்டினார். வெட்டுகிறவன் அழக்கூடாது என்று ஒரு முறை இருக்கிறதாம், ஆகவே அழவில்லையாம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் புஷ்பம் செத்த நாளில் கலஹா பஸ்ஸில் ஏறிப் போய், ஒரு போத்தல் பாலை ஊற்றி, சூடம் கொளுத்தி, செடிக்குக் கீழே கொஞ்சம் களை பிடுங்கிவிட்டு வருவார். பக்கத்தில் தனக்கும் ஓர் இடத்தைக் குத்திப் பார்த்து வைத்திருந்தார்.

2022 இல் அப்படிப் போனபோது புஷ்பம் இருந்த கீழ் வரிசை இல்லை. வரிசை இல்லை என்றால் செடியோ மேடோ இல்லை என்பது மட்டுமல்ல, நிலமே இல்லை. பெக்கோ மெஷின் வந்து சரிவை இரண்டாள் உயரத்துக்கு வெட்டி இறக்கி, அந்த மண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதுப் பாதைக்கு நிரப்பியிருந்தது. கொழும்புக் கம்பனி ஒன்று அங்கே உல்லாசப் பயணிகளுக்குக் குட்டிக் குட்டி வீடு கட்டப் போகிறதாம். மேல் வரிசைகள் அடுத்த வாரத்துக்கு என்று பெக்கோக்காரப் பையன் மரியாதையாகவே சொன்னானாம். கையில் இருந்த பாலை என்ன செய்வது என்று தெரியாமல் போத்தலோடு திரும்பி வந்தேன் என்று பெரியதம்பி என்னிடம் சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரிந்தது.

என் வயிறு எரிய வேறு காரணமும் உண்டு. 2021 ஜனவரியில் எங்கள் சாச்சா, தகப்பனின் தம்பி, கொரோனாவில் மௌத்தானார். அடக்க விடவில்லை, எரித்தார்கள். சில வாரம் கழித்து அடக்கலாம் என்று அனுமதி வந்தது. அந்தச் சில வாரத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு இன்றைக்கும் சாச்சாவுக்குப் போய் நின்று சலாம் சொல்ல ஆறடி நிலம் இல்லை. ஆகவே மஹய்யாவயிலிருந்து ஒரு கிழவர் வந்து, என் பொஞ்சாதியைப் பாதைக்குப் போட்டு நிரப்பிவிட்டார்கள் என்று என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, வழக்கை எடுப்பதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. நான் நடுநிலையான ஆள் இல்லை. இந்தக் கதையையும் நடுநிலையாகச் சொல்லப் போவதில்லை.

முதல் நாளே அவரிடம், ஐயா உங்களுக்கு என்ன வேணும், நிலத்தை மீட்கணுமா என்று கேட்டேன். மீட்க வேணும்தான், ஆனால் அது ரெண்டாவது என்றார். முதலாவது ஸ்ரீதரன்.

ஸ்ரீதரன் அதே தோட்டத்துப் பிள்ளை. அவன் தகப்பன் அங்கே தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். நல்ல மனிதர், சனத்துக்காகக் கத்தியவர். மகன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பேராதனைப் பக்கம் வீடு கட்டினான், வான் வாங்கினான், கொந்தராத்து வேலை எடுத்தான். கம்பனிக்கு இடம் பார்த்துக் கொடுத்ததும், ஆள் பிடித்துக் கொடுத்ததும், பெக்கோ கொண்டுவந்ததும் அவன்தான். அதை விட மோசம், தோட்டத்துக் கோயில் கமிட்டிச் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் கொடுத்திருந்தான். இந்தக் காணி கைவிடப்பட்ட பற்றைக்காடு, இங்கே ஒருநாளும் யாரையும் அடக்கியதில்லை என்று. கொழும்புக்காரனுக்குத் தெரியாது, அவன் கடதாசியைப் பார்த்தான். இவனுக்குத் தெரியும். இவன் அந்த மண்ணில் வாய்க்கரிசி போட்டவன்.

"அவன் தகப்பனுக்குக் குழி வெட்டினதே நான்தான் மிஸ்" என்றார் பெரியதம்பி. "2014 இல். மழை. லயத்துப் பொடியன்களால ஏலல. தோட்டத்து மருமகன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அவன் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். அவன் உள்ள போகணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

சட்டத்தில் இடம் இருந்தது. பிறருடைய மத உணர்வு புண்படும் என்று தெரிந்துகொண்டே இறந்தவர்களை அடக்கிய இடத்துக்குள் அத்துமீறுவது குற்றம் என்று தண்டனைச் சட்டக் கோவை சொல்கிறது. ஆனால் அந்தத் 'தெரிந்துகொண்டே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது மயானம் என்று அவனுக்குத் தெரியும் என்பதை நான் காட்ட வேண்டும். அவனோ தெரியாது என்கிறான். கல் இல்லை, சுவர் இல்லை, வரைபடத்தில் அடையாளம் இல்லை. மரண அத்தாட்சிப் பத்திரங்களில் 'தோட்ட மயானம்' என்று மட்டும் இருக்கிறது; எந்தத் தோட்டத்தின் எந்த மூலை என்று இல்லை. லயத்துச் சனம் ஒருவரும் சாட்சிக்கு வர மாட்டார்கள். பாதிப் பேருடைய பிள்ளைகள் ஸ்ரீதரனிடம் வேலை செய்கிறார்கள். இதை நான் விளக்கியபோது பெரியதம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நானே பெக்கோ ஓட்டியதுபோல இருந்தது.

மேல் வரிசைகளைத் தொடக்கூடாது என்று இடைக்காலத் தடை உத்தரவு ஒன்றை எப்படியோ வாங்கிவிட்டேன். அதன் பிறகு இழுபறி. ஸ்ரீதரன் சத்தியக்கடதாசி கொடுத்தான். பற்றைக்காடு, அடக்கம் இல்லை, தனக்குத் தெரிந்த காலம் முதல் இல்லை என்று மூன்று தடவை வெவ்வேறு வார்த்தையில். அவனுடைய சட்டத்தரணி எழும்பி, மதச் சுதந்திரம் என்பது கோயிலில் போய்க் கும்பிடுவது, காட்டுக்குள் எங்கேயோ பால் ஊற்றுவதற்கெல்லாம் அரசியலமைப்பு காவல் நிற்குமா என்று கேட்டார். நான் கேட்டேன், ஒரு மனுஷன் தன் மனைவியின் தலைமாட்டில் வருடத்துக்கு ஒருமுறை சூடம் கொளுத்துவது மதம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் மதம் என்று. அரசியலமைப்பில் வழிபாடு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அனுட்டானம் என்ற சொல்லும் இருக்கிறது. அதைச் சும்மா அழகுக்கு எழுதவில்லை. கோயிலைப் பூட்டினால் நாளைக்குத் திறக்கலாம். புதைத்த இடத்தை வெட்டி அள்ளிவிட்டால் எதைத் திறப்பது? பெரியதம்பி பின்வாங்கில் இருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நீதவான் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, நானே வந்து பார்க்கிறேன் என்று ஒரு தேதி கொடுத்தார்.

2024 பெப்ரவரியில் அந்தப் பார்வையிடல். நீதவான், பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், பொலிஸ் இரண்டு பேர், கிராம உத்தியோகத்தர், நில அளவையாளர், இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகள், ஸ்ரீதரன். லயத்துச் சனம் தூரத்துப் பாதையில் கூட்டமாக நின்றது. அவர்களுக்கு முன்னால் ஸ்ரீதரனுடைய தாய் காத்தாயி. மகன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் பேராதனை வீட்டுக்குப் போகாமல் பழைய லயத்துக் காம்பராவிலேயே இருந்த மனுஷி. மேல் வரிசையை மெஷின் தொடாது, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று மகன் அவருக்குச் சத்தியம் செய்திருந்தானாம். அதை நம்பித்தான் அவர் வாயைத் திறக்காமல் இருந்தார்.

பெரியதம்பி அலவாங்கோடு வந்திருந்தார். மேல் வரிசைச் செடிகளையெல்லாம் யாரோ முன்கூட்டியே வெட்டி எறிந்திருந்தார்கள். பார்த்தால் உண்மையாகவே பற்றைக்காடுதான். எதிர்ப்பக்கம் ஆட்சேபித்தது. இவர் என்ன நிபுணரா என்று கேட்டார்கள். நான் அவருடைய முப்பத்திரண்டு வருடச் சேவைச் சான்றிதழை நீட்டினேன். நீதவான் கொஞ்சம் சிரித்துவிட்டு, குத்தட்டும் பார்ப்போம் என்றார்.

அவர் முதலில் ஓரமாக ஒரு குத்துக் குத்தினார். கம்பி ஒரு சாண்கூட இறங்கவில்லை, கிண்ணென்று நின்றது. அது யாரும் வெட்டாத மண் என்று நீதவானுக்குக் காட்டினார். பிறகு நாலு அடி தள்ளிக் குத்தினார். கம்பி இடுப்பு அளவுக்குப் போய் மெதுவாகத் தயங்கியது. அளவையாளர் ஒரு முளையை அடித்தார். இப்படியே தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று நாலு மூலையும் காட்டிக்கொண்டு போனார். பத்து முளை ஆனதும் நீதவான் குடையை மடக்கிப் பொலிஸ்காரரிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே நடக்கத் தொடங்கினார். வெயில் ஏறுவதற்குள் முப்பத்தேழு முளை. ஒன்றுகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. எல்லாம் கிழக்கு மேற்காக நேர் வரிசை. பற்றைக்காடு எந்த ஊரில் இப்படி வரிசையாக முளைக்கும் என்று ஸ்ரீதரனுடைய சட்டத்தரணியிடம் கேட்க எனக்கு நாக்கு அரித்தது. கேட்டும்விட்டேன்.

முப்பத்தெட்டாவது இடத்தில் பெரியதம்பி நின்றார். அலவாங்கு ஒரே வீச்சில் முழுதாக இறங்கிவிட்டது. தயக்கமே இல்லை. இழுத்தார், நுனியில் கறுப்பும் சிவப்புமாகக் கலந்த மண், ஈரம். இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். பிறகு நீதவானைப் பார்க்காமல் நேராக ஸ்ரீதரனைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேட்டைக்குப் போனவர் முகம் அது.

"இது ரெண்டு தரம் வெட்டின மண்ணு" என்றார். "ஒரு தரம் நான் வெட்டினேன். ரெண்டாவது தரம் யாரு வெட்டினது?"

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடித்தார். நீதவான், இது யாருடைய குழி என்று கேட்டார். பெரியதம்பி பெயரைச் சொல்லவில்லை. பாதைப் பக்கம் திரும்பி, "மதினி, இங்கே வாங்க" என்று காத்தாயியைக் கூப்பிட்டார். அந்த மனுஷி பொலிஸ்காரரைத் தாண்டி நேரே வந்தார்.

"அண்ணன் இதுல இல்ல மதினி. யாரோ எடுத்துட்டாங்க. அள்ளிப் போட்டாங்களா, நாய் இழுத்துச்சா, எனக்குத் தெரியாது. உள்ள ஆள் இல்ல."

காத்தாயி மண்ணைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சத்தம் போட்டு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்போ நான் ரெண்டு வருசமா யாருக்குடா பால் ஊத்துனேன்?" என்று கேட்டார்.

ஸ்ரீதரன் கெட்டிக்காரன். கொழும்புக் கம்பனியைச் சமாளித்தவன், பிரதேச சபையைச் சமாளித்தவன், இரண்டு வருடம் என்னையும் சமாளித்தவன். அவன் சட்டத்தரணி கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறிவிட்டுத் தாயிடம் ஓடினான். நாய் இழுத்தது என்ற சொல்லை அந்தத் தாய் மனதில் வைத்துக்கொண்டு ஓர் இரவைக்கூடக் கழிக்க அவன் விடமாட்டான். அதில் மட்டும் அவன் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான்.

"இல்லம்மா, அப்பா பத்திரமா இருக்காரு. மெஷின் வர்றதுக்கு முந்தியே நான் எடுத்துட்டேன். நம்ம வீட்டுப் பின்பக்கந்தான் வச்சிருக்கேன். பண்டாரத்தக் கூட்டியாந்து முறையா எல்லாம் செஞ்சேன். பதினாறு நாள் விரதமும் இருந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சிங்களத்தில் சொன்னார். பதிவாளர் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இடுகாடு என்று தெரியாதாம், தகப்பனை மட்டும் மெஷினுக்கு முன்னால் எடுத்துவிட்டானாம். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டான். புஷ்பத்தை விட்டுவிட்டான். பயபக்தி அவனிடம் இல்லாமல் இல்லை, தாராளமாக இருந்தது. தன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வழக்கில் பெரிதாகப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காணி மயானம், அங்கே அடக்கம் செய்யவும் அனுட்டானம் செய்யவும் அந்தச் சனத்துக்கு உள்ள உரிமையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவானது. கம்பனி பெட்டியைக் கட்டியது. மயானத்தைப் பார்க்க ஒரு கமிட்டி அமைந்தது, தலைவர் பெரியதம்பி. ஸ்ரீதரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் குற்றம், வயதான தாய், மனம் வருந்துகிறார் என்றெல்லாம் சொல்லி, அபராதத்தோடு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அதாவது வீட்டுக்குப் போகலாம்.

நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். பெரியதம்பி நீதிமன்றப் படியில் வைத்து என்னைக் கிழித்தார்.

"ஒத்திவைக்கிறதுக்கு அது என்ன கல்யாணமா மிஸ்? என் பொஞ்சாதி மேல லொறி போகுது. அவன் வான்ல வீட்டுக்குப் போறான். இதுக்கா ரெண்டு வருசம்?"

சட்டம் அவ்வளவுதான் ஐயா தரும் என்றேன். அப்படியானால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

ஸ்ரீதரனுக்கு வீட்டில் நிம்மதி இல்லை. காத்தாயி அவன் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. அவன் லயத்துக்குப் போனால் எழும்பி வெளியே போய்விடுவாராம். அவர் சொன்னது ஒன்றுதான். தகப்பனை அந்த மண்ணுக்கே கொண்டுவா, என்னையும் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுவரைக்கும் நீ எனக்குப் பிள்ளை இல்லை. அவன் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டான். மயானக் கமிட்டி சம்மதித்தால் மறுபடி அடக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஆகவே ஒருநாள் தட்டில் பழம், வெற்றிலை எல்லாம் வைத்துக்கொண்டு மஹய்யாவக்குப் போய்ப் பெரியதம்பி வீட்டு வாசலில் நின்றான். அவர் அவனுக்குக் கதிரை போடவில்லை. தட்டையும் வாங்கவில்லை. சம்மதம் என்றார். நிபந்தனை ஒன்று. குழியை ஸ்ரீதரனே வெட்ட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை, பகலில், லயத்துச் சனம் எல்லாரும் பார்க்க.

அன்று சாயந்தரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு. அந்த நிபந்தனை சட்டப்படி பிழையா என்று கேட்டார். பிழை என்று எங்கேயும் எழுதியில்லை என்றேன். அப்படியானால் நீங்களும் வாங்க என்றார்.

2025 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. லயத்துச் சனம் முழுக்க வந்திருந்தது. இந்தத் தடவை தூரத்தில் நிற்கவில்லை. வந்து வரம்பில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பூசாரி இருந்தார். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு காத்தாயி பாயில் உட்கார்ந்திருந்தார். பெரியதம்பி அந்த முப்பத்தெட்டாவது இடத்தைக் காலால் காட்டிவிட்டு ஒரு மேட்டில் போய் உட்கார்ந்தார்.

ஸ்ரீதரன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெட்டினான். தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனால் மண்வெட்டி பிடித்து இருபது வருடம் இருக்கும். அரை மணியில் கை பொரிந்தது. ஒரு மணியில் துணியைக் கிழித்துக் கையில் சுற்றினான். யாரோ தண்ணீர் கொண்டுபோகப் பார்த்தார்கள். பெரியதம்பி வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெட்டுகிறவன் ஏறி வந்துதான் குடிக்க வேண்டும், அது முறை என்றார். அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று நான் பூசாரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

குழி நெஞ்சளவுக்கு வந்ததும், போதுமா மாமா என்று கேட்டான். இன்னும் ஒரு சாண் என்றார். மறுபடி கேட்டான். மூலை கோணலாக இருக்கிறது, நேராக்குங்க என்றார். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை, வெட்டிக்கொண்டே இருந்தான். பகல் ஒன்றரை மணிக்குத்தான், போதும், ஏறி வாங்க என்றார். அவனால் ஏற முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

பூசாரி மணியை எடுத்தார். காத்தாயி பானையோடு எழும்பப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்க என்றார் பெரியதம்பி. தான் வந்த முச்சக்கர வண்டியிலிருந்து ஓர் உரப்பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வாயைக் கயிற்றால் கட்டியிருந்தார். உள்ளே சிவப்பு மண்.

"இது கீழ் வரிசை மண்ணு" என்றார் சனத்தைப் பார்த்து. "ரோட்டுக்குக் கொட்டினதுல இருந்து அரிச்சு எடுத்தேன். ஆறு மாசமா பஸ்ல வந்து வந்து எடுத்தேன். என் பொஞ்சாதி இதுலதான் இருக்கா."

அந்தப் பைக்குள் மண் தவிர வேறு என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எழுபது வயதில் ஒருவர் கையையும் பிடிக்காமல் குழிக்குள் இறங்கினார். பையை மேலேயிருந்து வாங்கி, கட்டை அவிழ்த்து, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரைக்கும் கையாலேயே பரப்பினார்.

அப்போதுதான் ஸ்ரீதரனுக்கு விளங்கியது.

"மாமா, இது எங்க அப்பா குழி."

"ஒங்க அப்பாவ எடுத்தது நீங்கதானே. காலியா கெடந்துச்சு." பெரியதம்பி நிமிரவே இல்லை. "என் பொஞ்சாதிக்கு எடம் இல்லாம ஆக்கினதும் நீங்கதான். ஒங்க கையால வெட்டிக் குடுத்துட்டீங்க. சரியாப் போச்சு."

"அப்போ எங்க அப்பாவுக்கு?"

"பக்கத்துல எடம் இருக்கு. வெட்டுங்க."

பக்கத்து இடம் யாரும் வெட்டாத மண், அது எப்படிப்பட்டது என்று பார்வையிடலன்று நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். அலவாங்கு ஒரு சாண்கூட இறங்காத இடம். ஸ்ரீதரன் இதுவரை வெட்டியது இரண்டு தரம் கலைந்த மண். அதற்கே கை இரத்தமாகியிருந்தது. அவன் பூசாரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சட்டத்தரணி, ஏதாவது சொல்லியிருக்கலாம். கமிட்டியின் சம்மதம் அந்தக் குழிக்குத்தான் என்று அவன் பக்கம் வாதாடக்கூட இடம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தாயைப் பார்த்தான்.

காத்தாயி பானையை மடியில் இறக்கி வைத்தார். புருஷனுக்காகக் கொண்டுவந்திருந்த செம்புப் பாலை எடுத்துக்கொண்டு குழி ஓரத்துக்குப் போய், பெரியதம்பியின் கையில் கொடுத்தார். அவர் அதைப் புஷ்பத்துக்கு ஊற்றினார். அந்த மனுஷி திரும்பி வந்து, மறுபடி பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மகனிடம் பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"வெட்டுடா."

அவன் மண்வெட்டியை எடுத்தான். முதல் வெட்டிலேயே அது கிண்ணென்று திரும்பியது. பெரியதம்பி மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்தார். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று காலையில் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நான் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.